பார்வையற்றோருக்கான தாள விளையாட்டு: சரியாகத் தட்டினாலும் "தாமதம்" என்றே காட்டுகிறது, உதவி தேவை

கேட்டவர் (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்த, எங்கள் பகுதியைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர்கள் ஆறு பேருக்காக ஆண்ட்ராய்டு கைபேசியில் இயங்கும் தாள விளையாட்டு ஒன்றை யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் உருவாக்கி வருகிறேன். திரையில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. எட்டு அட்சரம் (எண்ணிக்கை) கொண்ட ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) முழுவதும் கொன்னக்கோல் குரல், அதாவது தாளத்தை வாயால் சொல்லும் குரல், "தகதிமி" போன்ற ஒரு சொற்கட்டைச் சொல்லும். அடுத்த ஆவர்த்தனத்தில் ஜால்ரா ஒலி மட்டும் தொடர, வீரர் அதே சொற்கட்டைத் திரையில் விரலால் தட்டிக் காட்ட வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 80 அட்சரம், அட்சரத்துக்கு நான்கு மாத்திரை (சம உட்பிரிவு). முன்னும் பின்னும் 80 மில்லி வினாடிக்குள் விழும் தட்டைச் சரியென்று ஏற்கிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரும் விளையாடிப் பார்த்தார்கள். நான்கு பேருக்கு ஏறக்குறைய எல்லாத் தட்டும் "தாமதம்" என்றே வந்தது. மற்ற இருவருக்குச் சில தட்டுகள் பதிவாகவே இல்லை. அந்த நால்வரில் ஒருவர் ஒன்பது ஆண்டுகளாக மிருதங்கம் கற்பவர். "மாஷே (ஆசிரியரே), எனக்குக் காலப்பிரமாணம் (சீரான வேகம்) போய்விட்டது போலிருக்கிறது" என்று அவர் சொன்னது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. நானே கண்ணை மூடிக்கொண்டு விளையாடினால் முழு மதிப்பெண் கிடைக்கிறது. ஏற்கும் எல்லையை 200 மில்லி வினாடியாக விரித்துவிடலாமா, அல்லது வேறு எங்காவது பிழை இருக்கிறதா என்பதே என் கேள்வி.

பதில் 1 (விளையாட்டு நிரலாளர், சென்னை)

எல்லையை விரிக்க வேண்டாம். உங்கள் வேகத்தில் ஓர் அட்சரத்துக்கு 750 மில்லி வினாடி. நான்கால் வகுத்தால் ஒரு மாத்திரைக்கு 187.5. எல்லையை 200 ஆக்கினால் "தகதிமி"யில் "த" எது, "க" எது என்று விளையாட்டுக்கே தெரியாமல் போய்விடும். ஒரு தட்டை முந்தைய மாத்திரைக்கும் பிந்தைய மாத்திரைக்கும் சேர்த்துக் கணக்கிடும்.

அந்த நால்வரும் புளூடூத் இயர்போன் அணிந்திருந்தார்களா என்று முதலில் கேளுங்கள். வழக்கமான புளூடூத் இயர்போன்களில் ஒலி காதுக்கு வந்து சேர 150 முதல் 250 மில்லி வினாடி வரை பிடிப்பது சாதாரணம். அதாவது, உங்கள் வீரர் ஜால்ராவைக் கேட்பதே ஏறக்குறைய ஒரு மாத்திரை கழித்துத்தான். அவர் கேட்டதோடு துல்லியமாகச் சேர்ந்து தட்டுகிறார். விளையாட்டின் கடிகாரமோ அப்போது அடுத்த மாத்திரைக்குப் போயிருக்கிறது. தாளம் நன்றாகத் தெரிந்தவருக்கே இது அதிகக் குழப்பத்தைத் தரும், ஏனென்றால் அவர் பிழை ஒரே சீராக இருக்கும்.

ஊகிப்பதை விட அளந்துவிடுவது நல்லது. தட்டினால் உடனே ஒரு "டக்" ஒலி எழுப்பும் சிறிய சோதனைப் பக்கத்தை உருவாக்குங்கள். நகத்தால் திரையைத் தட்டி, நகம் படும் சத்தத்தையும் இயர்போனில் வரும் "டக்" ஒலியையும் இன்னொரு கைபேசியில் ஒரே பதிவாகப் பிடித்து, ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து இரண்டு முகடுகளுக்கும் இடையிலுள்ள தொலைவைப் பாருங்கள். அதில் தொடுதல் பதிவாகும் தாமதமும் ஒலி வெளிவரும் தாமதமும் சேர்ந்தே கிடைக்கும். வீரர் ஒலியைத் தாமதமாகக் கேட்கிறார், அவர் தட்டும் தாமதமாகப் பதிவாகிறது. ஆகவே அந்தக் கூட்டுத்தொகைதான் நீங்கள் கழிக்க வேண்டிய எண். நிரலில் ஒலியைத் திரைச் சட்டங்களின் (திரை ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும் படங்களின்) நேரத்தை வைத்துத் தொடங்காமல், ஒலி இயந்திரத்தின் கடிகாரத்தை வைத்து முன்கூட்டியே குறித்துத் தொடங்குங்கள். கைபேசியில் யூனிட்டி இயல்பாக வினாடிக்கு 30 சட்டங்களில்தான் ஓடும். சட்டத்துக்கு ஒருமுறை தொடுதலைப் படித்தால் ஒவ்வொரு தட்டிலும் 33 மில்லி வினாடி வரை கூடியும் குறைந்தும் போகும். சீரான தாமதத்தைக் கழித்துவிடலாம், இப்படி மாறிக்கொண்டே இருப்பதைக் கழிக்க முடியாது. அதை 60 ஆக உயர்த்திவிடுங்கள்.

பதில் 2 (பார்வையற்ற வீரர், நாகர்கோவில்)

ஐயா, பதிவாகாத தட்டுகளைப் பற்றி நான் சொல்கிறேன். அந்த இருவர் கைபேசியில் டாக்பேக், அதாவது திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும் ஆண்ட்ராய்டு வசதி, இயங்கிக்கொண்டிருந்திருக்கும். டாக்பேக் இயங்கும்போது ஒரு விரல் தொடுதல் விளையாட்டுக்கு நேராகப் போவதில்லை. அது ஒற்றைத் தொடுதலா, இரட்டைத் தட்டா, இழுப்பா என்று முடிவு செய்யச் சற்றே காத்திருந்து, பிறகுதான் செயலிக்கு வேறு வடிவில் அனுப்பும். விரைவாகத் தட்டினால் இரண்டு தட்டு சேர்ந்து ஒரே சொடுக்காகிவிடும். "தகதிமி" முழுவதும் அங்கே கரைந்துபோகும். ஐபோனில் அதே வேலையைச் செய்யும் வாய்ஸ்ஓவர் இயங்கும்போதே திரையின் ஒரு பகுதிக்கு நேரடித் தொடுதலைக் கேட்டுப் பெறும் வசதி உண்டு. ஆண்ட்ராய்டில் எனக்குத் தெரிந்து நம்பத்தக்க வழிகள் இரண்டு: விளையாடும் நேரத்தில் டாக்பேக்கை நிறுத்திக்கொள்ளச் சொல்லி, அறிவிப்புகளை விளையாட்டே பேசுவது, அல்லது ஒலியளவுப் பொத்தானையோ கம்பிவழி விசைப்பலகையையோ தட்டும் கருவியாக ஏற்பது. முதல் வழியைத் தேர்ந்தால், நடுவில் அழைப்பு வந்தால் நாங்கள் என்ன செய்வோம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். டாக்பேக் இல்லாத கைபேசி எங்களுக்குக் கையில் இருக்கும் வெறும் ஓட்டுத்துண்டு. இரண்டு ஒலியளவுப் பொத்தான்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்து அதை மீட்கும் குறுக்குவழி அமைக்கப்பட்டிருக்கிறதா என்று தொடங்கும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மனம் நோகாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். நீங்கள் கண்ணை மூடி விளையாடியது சோதனை ஆகாது. திரையில் எந்த இடத்தைத் தட்ட வேண்டும் என்பதும், எந்தச் சொற்கட்டு வரப்போகிறது என்பதும் அதை எழுதிய உங்களுக்கு முன்பே தெரியும். டாக்பேக்கும் உங்கள் கைபேசியில் இல்லை. சோதனை நாளில் கைபேசியை வீரர் கையில் கொடுத்துவிட்டு, முகப்புத் திரையிலிருந்து விளையாட்டைத் திறப்பது முதல் வெளியேறுவது வரை அவர் தானாகச் செய்யும்வரை வாய் திறக்காமல் இருங்கள், விரலைப் பிடித்து வைக்காதீர்கள். உங்களை மாஷ் என்று அழைப்பவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அவர்கள் எங்கே நின்று தடவித் தேடுகிறார்கள் என்பதைக் கவனித்தால்தான் உண்மை கிடைக்கும்.

விளையாட்டில் இடம் வலம் என்று பிரித்து ஏதேனும் குறிப்பு வைத்திருக்கிறீர்களா? எங்களில் பலர் ஒரு காதில் மட்டுமே இயர்போன் வைப்போம். மற்றக் காது வீட்டுக்கும் தெருவுக்கும் வேண்டும். ஒற்றைக் காதிலும் முழுத் தகவல் கிடைக்குமாறு சுருதியையோ ஒலியின் தன்மையையோ வைத்து வேறுபடுத்துங்கள். "சரி" "தவறு" என்று சொல்லும் குரல் அடுத்த அட்சரத்தின் மேல் விழவும் கூடாது. மிருதங்க வகுப்பில் ஆசிரியர் ஒவ்வோர் அடிக்கும் சரி சொல்வதில்லை, ஆவர்த்தனம் முடிந்த பிறகே சொல்கிறார்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடியே நான்கு பேரும் புளூடூத் அணிந்திருந்தார்கள். மற்ற இருவரும் கம்பி இயர்போனோடு டாக்பேக்கை இயக்கி வைத்திருந்தார்கள். மிருதங்கம் கற்பவருடைய கைபேசியில் அளந்தபோது புளூடூத்தில் 260 மில்லி வினாடியும், அதே கைபேசியில் கம்பி இயர்போனில் 85 மில்லி வினாடியும் வந்தன. ஒரு மாத்திரைக்குச் சற்றுக் குறைவான அளவு இயர்போனிலேயே போயிருக்கிறது. நான் கம்பி இயர்போனில் சோதித்து, என் கைபேசிக்குப் பொருந்திய ஒரு எண்ணை நிரலில் நிலையாக எழுதி வைத்திருந்தேன் என்பதை இப்போதுதான் கவனித்தேன். எல்லாக் கைபேசிக்கும் என் கைபேசியின் எண்ணைக் கழித்தது என் பிழை. அவரிடம் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது ஒவ்வொருவரும் தொடக்கத்தில் ஜால்ராவோடு சேர்ந்து பதினாறு முறை தட்ட, அவற்றின் நடு மதிப்பை அவர் எண்ணாக எடுத்துக்கொள்கிறேன். ஆனால் புதிய ஐயம் ஒன்று எழுகிறது. இப்படிக் கிடைக்கும் எண், பதிவு செய்து அளந்த எண்ணை விட ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் குறைவாகவே இருக்கிறது. அளவீட்டில் தவறு செய்கிறேனா?

பதில் 1

தவறு இல்லை. சீரான ஒலியோடு சேர்ந்து தட்டச் சொன்னால் மனிதர்கள் அந்த ஒலிக்குச் சற்று முன்பாகவே தட்டுவார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட இயல்பு. சிலருக்கு அது பல பத்து மில்லி வினாடி வரை போகும், இசைப் பயிற்சி உள்ளவர்களுக்குக் குறைவாக இருக்கும். தட்டி எடுத்த எண்ணில் கைபேசியின் தாமதமும் அவர் கையின் முந்துதலும் சேர்ந்திருக்கின்றன. மதிப்பெண்ணுக்கு அந்த எண்ணே சரி, ஏனென்றால் வீரருடைய இயல்பான கையையே நாம் நடுப்புள்ளியாகக் கொள்கிறோம். இயர்போனை மாற்றினால் மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும். ஒலி வெளியேறும் கருவி மாறியதை நிரலே கண்டுபிடித்துக் கேட்குமாறு செய்துவிடுங்கள்.

கேட்டவர்

செய்துவிட்டேன். தட்டுவதற்கு ஒலியளவு குறைக்கும் பொத்தானை ஏற்றுக்கொண்டேன். டாக்பேக்கை நிறுத்த வேண்டிய தேவையே இப்போது இல்லை. இடையில் தெரிந்த இன்னொரு குறை: மூவருடைய கைபேசியில் டாக்பேக் படிப்பதற்கு மலையாளக் குரல் மட்டுமே இருந்ததால் என் தமிழ் அறிவிப்புகளைப் படிக்காமல் விட்டுவிட்டது. அவற்றையெல்லாம் இரண்டு மொழியிலும் மனிதக் குரலில் பதிவு செய்து சேர்க்கிறேன். மிருதங்கம் கற்பவர் நேற்று மாலை 32 மாத்திரையில் 31 எடுத்தார். ஏழு எண்ணிக்கை கொண்ட மிச்ர சாபு தாளத்தையும் சேர்த்துத் தரும்படி அவரே கேட்டிருக்கிறார்.