தொலைதூரக் கல்வியில் முதுகலை: முடித்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வீட்டிலிருந்தே ஏதோ ஒரு பட்டம் வாங்குவதைக் கேட்கவில்லை. தொலைதூரக் கல்வி என்ற துறையிலேயே முதுகலை படிக்க ஆசை. 1946 முதல் தொலைவிலிருந்து கற்பித்துவரும் யுனிசா (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம்) பிரிட்டோரியாவிலேயே இருக்கிறது. கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு உண்டு. ஆனால் டாலர் கட்டணத்தை ரேண்ட் சம்பளம் தாங்குமா?

தொலைதூரக் கல்வி ஆய்வாளர் மைக்கேல் மூர் எழுதியதைக் கொஞ்சம் படித்தேன். ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே இருப்பது வெறும் கிலோமீட்டர் கணக்கல்ல, உரையாடல் குறையக் குறைய விரியும் இடைவெளி என்கிறார். எனக்கு அதுதான் பயமே. உங்கள் வழிகாட்டி பதில் போட எத்தனை நாளானது? ஆய்வேடு கட்டாயமா? மின்வெட்டு நேரத்தில் இணையத் தேர்வை எப்படிச் சமாளித்தீர்கள்?

அனுபவமுள்ள அண்ணன்மார், அக்காமார் யாராவது இருந்தால் எழுதுங்கள்.