மீஸ் ஆன் பிளாஸ்: 'கைவாகு' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். 'மீஸ் ஆன் பிளாஸ்' (mise en place) என்ற பிரெஞ்சுச் சமையலறைச் சொல்லுக்குத் தமிழில் 'கைவாகு' என்று வைக்கலாம் என்பது என் யோசனை. அதைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

> சமையல் படத்துக்குச் சப்டைட்டில் எழுதும்போது 'மீஸ் ஆன் பிளாஸ்' வந்தால் 'முன்னேற்பாடு' என்று போட்டுவிடலாமே. புதுச்சொல் எதற்கு?

போடலாம். ஆனால் முன்னேற்பாடு கல்யாணத்துக்கும் உண்டு, தேர்தலுக்கும் உண்டு. இங்கே சொல்லப்படுவது வேறு. அடுப்பு பற்றவைக்கும் முன்பே வெங்காயம் அரிந்து, சாறு வடித்து, உப்பு, எண்ணெய், கரண்டி, துணி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். பார்க்காமலே நீட்டினாலும் கை சரியான கிண்ணத்தில் போய் நிற்க வேண்டும்.

ஒரு படத்தின் சமையலறையை நான் நம்புவதும் நம்பாததும் இதில்தான் இருக்கிறது. வாணலியில் தீ எழும்புவதை யார் வேண்டுமானாலும் படம்பிடிக்கலாம். 'பிக் நைட்' (1996) படத்தின் கடைசியில் நடிகர் ஸ்டான்லி டூச்சி முட்டையை உடைத்து, அடித்து, ஆம்லெட் போட்டு மூன்று பங்காக்குகிறார். வெட்டே இல்லாத ஒரே ஷாட், பேச்சும் அநேகமாக இல்லை. எதையும் தேடித் தடுமாறாத அந்தக் கையைப் பார்த்ததும் இவன் இந்த அடுக்களையில் வருடக்கணக்காக நின்றவன் என்று நம்பிவிடுகிறோம். 'ராட்டட்டூயி' (2007) கார்ட்டூன்தான், ஆனாலும் அதில் வரும் சமையல்காரி கொலெத் புதுப்பையனுக்கு முதலில் கற்றுத்தருவது ருசியை அல்ல: உன் மேடையைச் சுத்தமாக வை, கைகளை உடம்போடு ஒட்டி வை. அந்தப் படத்துக்கு ஆலோசகர் அமெரிக்கச் சமையல் கலைஞர் தாமஸ் கெல்லர். தயாரிப்பாளரே அவருடைய பிரெஞ்ச் லாண்ட்ரி உணவகத்தின் சமையலறையில் போய் நின்று வேலை பழகினார். படத்தில் அது தெரிகிறது.

இந்தச் சொல் சமையல் படத்தின் உயிர்நாடி என்பதால்தான் இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

> 'இடவைப்பு'? பிரெஞ்சுக்கு நேர்ப்பொருள் அதுதான்.

பொருள் சரி. ஆனால் ஆர்டர் குவியும் நேரத்தில் ஒரு சமையல்காரர் கத்துகிற வசனம் இது. 'பாய்லிங் பாயிண்ட்' (2021) மாதிரி ஒரே ஷாட்டில் ஓடும் படத்தில் 'இடவைப்பு முடிந்ததா?' என்று திரையில் வந்தால், பார்ப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். இன்னொன்று: சமையலறையில் இதை 'மீஸ்' என்று சுருக்கி மூன்று பொருளில் பயன்படுத்துகிறார்கள். ஆயத்தம் செய்யும் வேலை, ஆயத்தமாக இருக்கும் பொருள்கள், எல்லாம் தயார் என்ற நிலை. நம் சொல்லும் மூன்றையும் தாங்க வேண்டும்.

என் பரிந்துரை கைவாகு. 'கைக்கு வாகா வை', 'இங்க நின்னா வாகா இல்ல' என்று வீட்டிலேயே சொல்கிறோம். சாயங்காலம் எந்தப் பரோட்டாக் கடையிலாவது போய்ப் பாருங்கள். கூட்டம் வரும் முன்பே உருண்டைகள் எண்ணெய் தடவி, ஈரத்துணி போர்த்தி வரிசையாக இருக்கும். நறுக்கிய வெங்காயம் ஒரு பக்கம், முட்டை ஒரு பக்கம். அப்புறம் மாஸ்டர் கல்லைவிட்டு நகரவே மாட்டார். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று தோன்றியபோதுதான் இந்தச் சொல் வந்தது.

வசனத்தில் வைத்துப் பார்த்தேன்:

'கைவாகு பண்ணிட்டியா?'
'என் கைவாகுல கை வைக்காதே.'
'எல்லாம் கைவாகா இருக்கு, கடையைத் திறக்கலாம்.'

மூன்றிலும் இடறவில்லை. இரண்டாவது வரி எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவருடைய மீஸை இன்னொருவர் தொட்டால் சமையலறையில் சண்டையே வரும், அந்தச் சூடு இந்த வரியில் இருக்கிறது.

> கைவாகு என்றால் ஒருவரின் கைப்பழக்கம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

நியாயமான கேள்வி. சிலர் அப்படி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பொருளுக்குக் கைப்பக்குவம், கைமணம் என்று வேரூன்றிய சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. படத்தில் முதல் தடவை வரும்போது கிண்ணங்களும் வெட்டுப்பலகையும் திரையிலேயே இருக்கும், குழப்பம் அதிகம் வராது. கட்டுரையில் எழுதும்போது மட்டும் முதலில் 'சமையல் கைவாகு' என்று போட்டுவிட்டு, பிறகு கைவாகு என்றே தொடரலாம்.

கல்யாணச் சமையலில் வேலை பார்த்தவர்கள் குழுவில் இருந்தால் ஒரு வேண்டுகோள். முதல் நாள் இரவு காய் அரிந்து, சாமான் பிரித்து வைக்கும் வேலைக்கு உங்கள் ஊரில் தனிப்பெயர் இருக்கிறதா? இருந்தால் என் சொல்லை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வோம்.