இஞ்சினுக்குள்ள இருந்து ஸ்ஸ்ஸ் எண்டு சத்தம், 121 கொரோலா, என்ன செய்யலாம்?

திருமலை121:
அண்ணாமார் ஒரு உதவி. என்ட கார் 121 கொரோலா, பெற்றோல், ஓட்டோ கியர். கந்தளாய் போயிட்டு வந்ததில இருந்து ஸ்டார்ட் பண்ணி சும்மா நிக்கேக்க பொனட்டுக்குள்ள காத்துப் போற மாதிரி ஸ்ஸ்ஸ் எண்டு ஒரு சத்தம் ஒரே சீரா வருது, அக்சிலேற்றர் மிதிச்சா இல்லாமப் போகுது, காலை எடுத்தா திரும்ப வருது. சந்தியில நிக்கேக்க இஞ்சின் நடுங்குது, ஆர்பிஎம் முள்ளு ஏறி இறங்குது. செக் இஞ்சின் லைட்டும் நேற்று பத்திட்டுது. ஹீட் முள்ளு வழமையான இடத்திலதான், தண்ணியும் குறையல. கராஜ் ஒண்டில காட்ட, ஹெட் கஸ்கெட் (இஞ்சின்ட மேல் பாகமான ஹெட்டுக்கு அடியில இருக்கிற சீல்) போயிட்டுது, ஹெட்டைக் கழட்டோணும் எண்டு சொல்லிட்டாங்க. அம்மாவ ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு ஏத்திக்கொண்டு போறது இந்தக் கார்லதான், அதால கெதியா ஒரு முடிவெடுக்கோணும்.

ஸ்பானர்:
தம்பி, ஹெட்டில இப்போதைக்கு ஒருத்தரையும் கை வைக்க விடாதீங்கோ. ஹெட் கஸ்கெட் போனா தண்ணி குறையும், வெள்ளைப் புகை வரும், ஹீட் ஏறும், ஒயில் மூடியில பால் கலந்த மாதிரிப் படியும். நீங்க சொன்னதில இது ஒண்டும் இல்லையே.

இது பாக்கப்போனா வெக்யூம் லீக். காலை எடுத்திருக்கேக்க த்ரொட்டில் (காத்துப் போற வழியைத் திறந்து மூடுற தட்டு) கிட்டத்தட்ட மூடியிருக்கும், இஞ்சின் காத்தை இழுக்க இழுக்க இன்டேக்குக்குள்ள, அதாவது இஞ்சினுக்குக் காத்துப் போற குழாய்க்குள்ள, வெக்யூம் கூடும், எங்கயாவது ஒரு ஹோஸ் வெடிச்சிருந்தா அதால காத்து உள்ள இழுபடுற சத்தம்தான் அது. மிதிச்சா த்ரொட்டில் திறபடும், வெக்யூம் குறையும், சத்தமும் நிண்டுடும். அப்பிடி உள்ள போற காத்தை ஏர் ஃப்ளோ சென்சர் அளக்கிறேல்ல, அதால பெற்றோல் போதாமப் போய் இஞ்சின் நடுங்குது. ஸ்கேன் பண்ணிப் பாருங்கோ, அனேகமா பி0171 எண்ட பிழைக் குறியீடுதான் காட்டும், காத்துக்குப் பெற்றோல் போதாது எண்டதுதான் அதின்ட அர்த்தம்.

கண்டுபிடிக்க ஒரு துண்டு ரப்பர் குழாய் காணும். ஒரு முனையைக் காதில வச்சு மற்ற முனையை ஹோஸ் ஹோஸா கொண்டு போங்கோ, ஓட்டை உள்ள இடத்தில சத்தம் காதைக் கிழிக்கும். ஃபான், பெல்ட் பக்கம் குழாயோ சட்டைக்கையோ போகாம கவனம். பிறகு அந்த இடத்தில கொஞ்சம் சோப்புத் தண்ணி அடிச்சா சத்தம் ஒரு கணம் மாறும். கொயில், ஒல்டர்னேற்றர் பக்கம் தண்ணி அடிக்காதீங்கோ. கார்ப் கிளீனர் அடிக்கச் சொல்லுவாங்கள், சூடான இஞ்சினில அது நெருப்புப் பத்தும், வேண்டாம்.

நிலாவெளிக்காரன்:
ஸ்பானர் அண்ணை சொன்னதுதான், ஆனா இதை வாசிக்கிற மற்றாக்களுக்கும் ஒண்டு சொல்லோணும். ஓடி வந்து நிப்பாட்டின பிறகு ஸ்ஸ் எண்டு வந்து, இனிப்பு மாதிரி ஒரு மணமும் அடிச்சா அது கூலன்ட் லீக். எங்கட கடற்கரைப் பக்கம் உப்புக் காத்தில ரேடியேற்றர் ஃபின் எல்லாம் அரிச்சுப்போகும், ஹோஸ் கிளிப்பும் துருப்பிடிக்கும். சூட்டோட மூடியைத் திறக்கவே கூடாது, உள்ள பிரஷர் இருக்கிறதாலதான் தண்ணி 100 பாகைக்கு மேலயும் கொதிக்காம நிக்குது, மூடி திறந்த உடன அவ்வளவும் ஒரேயடியாக் கொதிச்சு முகத்துக்கு அடிக்கும். ஆறவிட்டு, கையால தொடக்கூடிய மாதிரி வந்த பிறகு திறவுங்கோ.

மட்டிக்களி_ஓட்டி:
ஏசி போட்டு ஓடிட்டு நிப்பாட்டினா கொஞ்ச நேரம் ஸ்ஸ் எண்டு கேக்கும், அது கேஸ் பிரஷர் சமப்படுற சத்தம், பயப்பிடத் தேவையில்ல.

தம்பி, பிரேக்கையும் ஒருக்கா பாருங்கோ, அதுதான் முக்கியம், பிரேக் மிதிக்கிறதை லேசாக்கிற பூஸ்டரும் இந்த வெக்யூமிலதான் வேலை செய்யுது. இஞ்சினை நிப்பாட்டி பிரேக்கை நாலஞ்சு தரம் மிதிச்சு, மிதிச்சபடியே ஸ்டார்ட் பண்ணுங்கோ. பெடல் கொஞ்சம் கீழ இறங்கோணும். இறங்காட்டி பூஸ்டர் ஹோஸ், வால்வு, பூஸ்டர் இதில ஏதோ பிழை. பிரேக் மிதிக்கேக்க காலடியில சத்தம் வந்தாலும் பூஸ்டர்தான். அப்பிடியெண்டா அம்மாவ ஆட்டோவில கூட்டிக்கொண்டு போங்கோ, சரி பண்ணாம ரோட்டுக்கு எடுக்காதீங்கோ.

திருமலை121:
எல்லாருக்கும் நன்றி! பெடல் நல்லா இறங்குது, பிரேக் பிரச்சினை இல்ல. குழாய் வச்சுப் பாத்தன், பிசிவி ஹோஸ் (இஞ்சினுக்குள்ள சேர்ற ஆவியை இன்டேக்குக்குக் கொண்டு போறது) வளையிற இடத்தில அடிப்பக்கமா வெடிச்சிருக்கு, மேலால பாத்தா ஒண்டுமே தெரியாது, விரலால பொத்தினா சத்தம் அப்பிடியே நிக்குது. ஸ்கேன்லயும் பி0171 தான். டேப் சுத்தி ஓடலாமா இல்லாட்டி தண்ணி ஹோஸ் வெட்டிப் போடவா?

ஸ்பானர்:
ரெண்டும் வேண்டாம். அந்த ஹோஸுக்குள்ள ஒயில் ஆவி போகும், டேப் பசை விட்டுடும், தண்ணி ஹோஸ் ஒயிலுக்கு ஊதி வெக்யூமுக்குச் சப்பையாகிடும். வளைவோட வாற சரியான ஹோஸைக் கேட்டு வாங்குங்கோ, பழசைக் கையில கொண்டு போனா கடையில ஒப்பிட்டுத் தருவாங்கள். பிசிவி வால்வையும் கழட்டி ஆட்டிப் பாருங்கோ, டக்டக் எண்டு கேக்காட்டி அடைச்சிருக்கு, அதையும் மாத்துங்கோ. பிறகு ஸ்கேனரால அந்தப் பிழைக் குறியீட்டை அழிச்சு ஓடிப் பாத்திட்டு எழுதுங்கோ.

திருமலை121:
ஹோஸும் வால்வும் மாத்தியாச்சு அண்ணை. சத்தம் இல்ல, நடுக்கமும் இல்ல, கன்னியா வரைக்கும் ஓடிப் பாத்தன், லைட் திரும்பப் பத்தேல்ல.