கருப்பு காரில் வட்டக் கீறல்: வீட்டிலேயே போக்க முடியுமா?

பாளை_கருப்புவண்டி

கருப்பு செடான், 2019 மாடல். நிழல்ல பளபளன்னு இருக்கு. வெயில்ல நிறுத்தினா போனெட், டிக்கி, கதவு எல்லாத்துலயும் சிலந்திவலை மாதிரி வட்டக் கீறல். நகத்துல தட்டுப்படல. வாக்ஸ் போட்டா மறையுது, ரெண்டு தடவை கழுவினா திரும்ப வந்திருது. வீட்டுல டிரில் மெஷின் இருக்கு. அதுல மாட்டுற கம்பளி பேடு வாங்கி ரப்பிங் காம்பவுண்ட் போட்டு தேய்க்கலாமா? முன் பம்பர் மட்டும் போன மாசம் பட்டறைல பெயின்ட் அடிச்சது. கழுவுறது போர் தண்ணிலதான்.

மெருகு_தென்காசி

டிரில் வேண்டவே வேண்டாம் தம்பி. அது ஒரே அச்சுல சுத்துறதால சூடு ஒரு இடத்துலயே தங்கும். கை லேசா சாஞ்சா பேடோட விளிம்பு மட்டும் பெயின்ட்ல உரசும். கம்பளி பேடு வேற போட்டா, இருக்கிற கீறல் போய் வெயில்ல ஆடுற நிழல் கோடு வந்துரும். கருப்புல அது இன்னும் அசிங்கமா தெரியும்.

நகம் மாட்டலைன்னா கீறல் கிளியர் கோட்லதான் (கலருக்கு மேல பூசின நிறமில்லாத அடுக்கு) இருக்கு, எடுத்திரலாம். கம்பெனி பெயின்ட் எல்லா அடுக்கும் சேத்து பொதுவா 100 முதல் 140 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) இருக்கும். அதுல மேல உள்ள கிளியர் கோட் 40 மைக்ரான் அளவுதான். வெயில்ல இருந்து கலரைக் காப்பாத்துறதும் அதுதான். பாலிஷ் போடுறது கீறலை நிரப்புற வேலை இல்ல, சுத்தி உள்ள கிளியர் கோட்டைக் கீறலோட அடிமட்டம் வரைக்கும் தேய்ச்சு இறக்குற வேலை. எடுத்தது திரும்ப வராது. வாக்ஸ் கீறலுக்குள்ள எண்ணெயும் மெழுகும் நிரப்புது, அதான் கழுவினதும் திரும்பத் தெரியுது.

டூயல் ஆக்‌ஷன் பாலிஷர், சுருக்கமா டிஏ, அதாவது தட்டு சுத்திக்கிட்டே ஆடவும் செய்யுற மெஷின், 5 இன்ச் தட்டு உள்ளதா வாங்கு, இல்ல வாடகைக்கு எடு. நடுத்தர ஃபோம் பேடு 4, மெத்துனு உள்ள ஃபினிஷிங் பேடு 3 வேணும். ஒரே பேடை வச்சு முழு வண்டியும் முடிக்க நினைக்காத. நனைஞ்சு சூடான ஃபோம் கீறலைத் தேய்ச்சு எடுக்காது.

முதல்ல ஷாம்பு போட்டு கழுவிட்டு, மெல்லிசு பாலித்தீன் கவரைக் கையில மாட்டி பெயின்ட் மேல தடவிப் பாரு. சொரசொரன்னு இருந்தா கிளே பார் (ஒட்டின அழுக்கை இழுத்து எடுக்குற களிமண் மாதிரி கட்டி) போட்டே ஆகணும். ஷாம்பு தண்ணிய தாராளமா தெளிச்சு, அழுத்தாம ஒரே திசைல ஓட்டு. கிளே கீழ விழுந்தா தூரப் போட்டுரு. ஒட்டின மணல் போகவே போகாது.

அப்புறம் போனெட்ல ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி மட்டும் சோதனை. எப்பவும் குறைஞ்சதுல இருந்து தொடங்கு: ஃபினிஷிங் பேடும் ஃபைன் பாலிஷும். போகலைன்னா மட்டும் நடுத்தர பேடு, அதுக்கும் அசையலைன்னா ஃபைன் பாலிஷை விட முரட்டுத்தனமா தேய்க்கிற காம்பவுண்ட். புது பேடுக்கு பட்டாணி அளவு 5 சொட்டு, அடுத்த அடுத்த கட்டத்துக்கு 3 போதும். 1-ஆம் நம்பர் வேகத்துல பரப்பு, 4 இல்ல 5-ல வேலை செய். நொடிக்கு ஒரு இன்ச் நகத்து, முன்ன போன தடத்து மேல பாதி ஏறி வரணும். குறுக்க ஒரு சுத்து, நெடுக்க ஒரு சுத்து, ரெண்டும் ரெண்டு தடவை.

தட்டோட ஓரத்துல மார்க்கரால ஒரு கோடு போட்டு வை. வேலை நடக்கும்போது கோடு சுத்துறது தெரியணும். நின்னு நடுங்குச்சுன்னா ரொம்ப அழுத்துற, இல்ல வளைவுல பேடு சாஞ்சிருக்குன்னு அர்த்தம். அப்ப அது தேய்க்கல, சூடு மட்டும்தான் ஏத்துது.

பெயின்ட்பட்டறை_வள்ளியூர்

பம்பரை இப்பத் தொடாதீங்க. பட்டறை பெயின்ட் உள்ள காஞ்சு இறுக நாளாகும். அடிச்சவங்ககிட்ட கேட்டு, குறைஞ்சது 2 மாசம் கழிச்சு பாத்துக்கிடுங்க. பிளாஸ்டிக் சூட்டை இழுத்து வெளிய விடாது, அதனால வேகமா கருகும். பிறகு செய்யும்போதும் வேகம் 3-க்கு மேல வேண்டாம்.

போனெட் மடிப்பு, கதவு விளிம்பு, வீல் ஆர்ச் முனை இங்கெல்லாம் பெயின்ட் மெல்லிசா இருக்கும். மாஸ்கிங் டேப் ஒட்டிருங்க. ரப்பர் பீடிங், கருப்பு பிளாஸ்டிக் மேலயும் ஒட்டுங்க, பாலிஷ் பட்டா வெள்ளைக் கறை போகாது.

வேற எந்த பேனலாவது முன்னாடி ரீ-பெயின்ட் பண்ணதான்னு தெரியணும்னா திக்னெஸ் கேஜ் (பெயின்ட் கனத்தை அளக்குற கருவி) வச்சு பாக்கச் சொல்லுங்க. 250 மைக்ரானுக்கு மேல காட்டுச்சுன்னா ரீ-பெயின்ட் பண்ணதா இருக்க வாய்ப்பு அதிகம், உள்ள பட்டியும் இருக்கலாம். பிளாஸ்டிக்ல சாதாரண கேஜ் வேலை செய்யாது.

பாளை_கருப்புவண்டி

அண்ணாச்சி, டிஏ வாடகைக்கு எடுத்தேன். ஃபினிஷிங் பேடுல கீறல் பாதிதான் போச்சு. நடுத்தர பேடும் காம்பவுண்டும் போட்டதுல மொத்தமும் போயிருச்சு. ஆனா டார்ச் அடிச்சா லேசா பால் படிஞ்ச மாதிரி மங்கல். வெள்ளைப் பொடியா பறந்து கண்ணாடி எல்லாம் ஒட்டுது. காலைல 10 மணிக்கு மேல செஞ்சேன்.

மெருகு_தென்காசி

நேரம்தான் தப்பு. 10 மணி வெயில்ல கருப்பு போனெட் கை வைக்க முடியாத சூடு. காம்பவுண்ட்ல உள்ள ஈரம் உடனே காஞ்சு பொடியா பறக்கும். விடியக்காலம், இல்ல கூரைக்கு அடியில, புறங்கை தாங்குற சூட்டுல மட்டும் செய். ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் நைலான் பிரஷ்ஷால பேடைத் தட்டி எடு. பேடு நிறைஞ்சாலும் பொடி பறக்கும்.

மங்கல் காம்பவுண்ட் விட்டுப்போன நுண்கீறல். பயப்படாத, எடுத்திரலாம். ஃபினிஷிங் பேடு, ஃபைன் பாலிஷ், வேகம் 3, கடைசிச் சுத்துல கையால அழுத்தாம மெஷின் எடை மட்டும். அப்புறம் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் 100 மில்லி, காய்ச்சி வடிச்ச (டிஸ்டில்ட்) தண்ணி 400 மில்லி கலந்து தெளிச்சுத் துடைச்சிட்டு டார்ச்சை சாய்வா பிடிச்சுப் பாரு. பாலிஷ் எண்ணெய் மிச்சம் இருந்தா கீறலை மறைச்சிரும், சரியாயிட்டுன்னு ஏமாந்துருவ. டியூப்லைட் வெளிச்சத்துல பாக்காத, அது எல்லாத்தையும் மறைக்கும்.

ஒரு கீறல் ரெண்டு தடவைக்கும் அசையலைன்னா விட்ரு. அதைத் துரத்தினா கிளியர் கோட் ஓட்டையாகும்.

தேரி_திசையன்விளை

மூல காரணம் கழுவுறதுலதான் கெடக்கு, அதைச் சொல்லுதேன். நம்ம பக்கம் ஆடிக்காத்துல படியிற புழுதியில மணல் உண்டு. எங்க தேரி (செம்மணல் மேடு) மணலும் அப்படித்தான். மணலோட கடினம் கிளியர் கோட்டை விட ரொம்ப அதிகம். அது மேல காய்ஞ்ச துணி, மயிலிறகு டஸ்டர் போட்டு ஒரு இழுப்பு இழுத்தா அன்னைக்கே புதுக் கீறல். தூசி இருந்தா தண்ணி விட்டுத்தான் எடுக்கணும்.

ரெண்டு வாளி, ஒண்ணுல ஷாம்பு, ஒண்ணுல அலச வெறும் தண்ணி. மைக்ரோஃபைபர் கிளவுஸ், மேல இருந்து கீழ. கதவு அடிப்பகுதிக்கும் வீலுக்கும் தனி கிளவுஸ். பாத்திரம் விளக்குற நார், பழைய பனியன் துணி எல்லாம் வேண்டாம்.

போர் தண்ணி உப்பு, கருப்புல வெள்ளைப் புள்ளியா உறையும். கடைசி அலசலுக்கு மட்டும் 2 குடம் நல்லதண்ணி போடுங்க, காயவிடாம தடிமனான டவலை விரிச்சு ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. புதுசா வந்த புள்ளிக்கு வெள்ளை வினிகரும் தண்ணியும் சமபங்கு, நிழல்ல ஒரு நிமிஷம் நனைச்சு வச்சு நல்லா அலசிருங்க. பழசாகி பெயின்ட்டுக்குள்ள அரிச்ச புள்ளி வினிகருக்கு அசையாது, பாலிஷ்தான்.

பாலிஷ் முடிஞ்சதும் அப்படியே விடாதீங்க, சீலன்ட் (பெயின்ட்டைக் காப்பாத்துற மேல்பூச்சு) ஒரு கோட் போடுங்க. செராமிக் கோட்டிங் அடிக்க யோசனை இருந்தா மங்கலும் கீறலும் முழுசா எடுத்த பிறகுதான். உள்ள விட்டு மூடினா, கோட்டிங்கையே தேய்ச்சு எடுத்துட்டுத்தான் திருத்த முடியும்.