புதுப்பிப்பு: கிராஃபிக் டிசைன் சேருமுன் ஃபோட்டோஷாப் வேண்டுமா?

அகமதாபாத் என்ஐடியில் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) பி.டெஸ், அதாவது வடிவமைப்பு இளநிலைப் பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது, கிராஃபிக் டிசைன்தான் ஆசை, அதற்குள் ஃபோட்டோஷாப் கற்றுக்கொள்ள வேண்டுமா என்று போன வருடம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முதல் வருடம் முடிந்துவிட்டது.

வேண்டாம். நான்கு வருடப் படிப்பில் முதல் வருடம் எல்லாருக்கும் பொதுவான அடிப்படைப் பாடம்தான். கோடு, வடிவம், நிறம், பொருள்களைக் கையால் செய்து பார்ப்பது. கிராஃபிக் டிசைன் அதற்கப்புறம்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது எழுத்து வரைவது. ஒரே உயரத்தில் ஒரு சதுரமும் ஒரு வட்டமும் வரைந்து பாருங்கள், வட்டம் சின்னதாகத் தெரியும். அதனால் ஆங்கில 'ஓ'வை 'ஹெச்'சை விட மேலும் கீழும் துளி நீட்டி வரைகிறார்கள். இது தெரிந்ததும் விடுதி அறையில் உட்கார்ந்து தமிழ் எழுத்துகளை வரைய ஆரம்பித்தேன். 'ட' சுலபம், இரண்டே கோடு. 'ழ' அப்படியில்லை, கீழே வளையும் கோட்டுக்கும் உடம்புக்கும் நடுவே எவ்வளவு வெள்ளை விடுவது என்பதிலேயே ஒரு மாலை போய்விடும். தமிழுக்கு நல்ல எழுத்துருக்கள் இன்னும் நிறைய வேண்டும், அதில் வேலை செய்யத்தான் எனக்கு ஆசை.

இந்த வருடம் சேருகிறவர்கள் ஒரு ஸ்கெட்ச் புத்தகம் வாங்கி தினமும் வரையுங்கள். மென்பொருளை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.