டெலிவரிக்குப் போய் விரல் மரத்துவிட்டது, இப்போது கொப்புளம்!

எட்மன்டன் புதுசு:
செப்டம்பரில்தான் கனடா வந்தேன், படித்துக்கொண்டே டெலிவரி வேலை. நேற்றிரவு மைனஸ் 27, கூடவே காற்று. போனைப் பார்க்க அடிக்கடி கிளவுஸைக் கழற்றியதில் இடது கையில் இரண்டு விரல் நுனி சுத்தமாக மரத்துப்போய், சுண்ணாம்பு தடவியது போல் வெளுத்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஹீட்டர் மேலேயே கையை வைத்தேன். அம்மாவோ தேங்காய் எண்ணெயைக் காய்ச்சிச் சூடு பறக்கத் தேய் என்றார்கள், அதையும் செய்தேன். அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் வலி, உயிரே போய்விட்டது. காலையில் ஒரு விரலில் கொப்புளம், உள்ளே தண்ணீர். ஊசியால் குத்திவிடலாமா?

வெள்ளைக்கோட்டு:
குத்தாதீர்கள் தம்பி, உள்ளே கிருமி போய்விடும். நான் இங்கே நர்ஸ். கொப்புளம் வந்துவிட்டதால் இது வெறும் மரப்பு இல்லை, ஃப்ராஸ்ட்பைட், அதாவது குளிரில் சதையே உறைந்துபோகும் காயம். இன்றே டாக்டரிடம் காட்டுங்கள், எங்கே போவது என்று தெரியாவிட்டால் இங்கே மருத்துவ ஆலோசனை சொல்லும் 811 எண்ணை அழையுங்கள். தண்ணீர்க் கொப்புளம் என்றால் பெரும்பாலும் மேலோட்டமான காயம்தான். ரத்தம் கோத்திருந்தாலோ, விரல் இன்னும் உணர்ச்சியில்லாமல் நீலமாகவோ கறுப்பாகவோ இருந்தாலோ நேராக எமர்ஜென்சிக்கு ஓடுங்கள், ரத்த ஓட்டத்தைத் திருப்பும் மருந்துகள் சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

நீங்கள் செய்த இரண்டுமே தப்பு. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, ஹீட்டரில் வெந்தாலும் உணர மாட்டீர்கள். உறைந்த சதைக்குள் பனித்துகள் இருக்கும், தேய்த்தால் கிழித்துவிடும். 37 முதல் 39 டிகிரி வரை வெதுவெதுப்பான தண்ணீரில், நிறமும் மென்மையும் திரும்பும்வரை அரை மணி நேரம் போல முக்கி வைத்திருக்க வேண்டும். அதுவும் மறுபடி குளிரில் போக வேண்டியதில்லை என்றால் மட்டும், இளகின சதை திரும்ப உறைந்தால் முன்பைவிட மோசம். உங்களுக்கு ஏற்கெனவே இளகிவிட்டது, இனி முக்க வேண்டாம். உலர்ந்த துணியைத் தளர்வாகச் சுற்றுங்கள், சிகரெட் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள்.

இன்னொன்று. எல்லா இடத்திலும் ‘தோல் சிவக்கும்’ என்றே எழுதியிருப்பார்கள். நம் நிறத்தில் சிவப்பு எங்கே தெரியும்? சாம்பல் பூத்த மாதிரி, மெழுகு மாதிரி ஆகும். பக்கத்து விரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முன்னாள் ஹவில்தார்:
லடாக்கில் இருந்தவன் சொல்கிறேன். விரல் விரலாகப் பிரிந்த கிளவுஸைவிட நான்கு விரலும் சேர்ந்திருக்கிற மிட்டன்தான் சூடு. உள்ளே மெல்லிய கிளவுஸ் ஒன்று போட்டுக்கொண்டால் போனைத் தொட வெறுங்கை வேண்டாம். காலுக்கு இரண்டு சாக்ஸ் திணித்து பூட்ஸை இறுக்கினால் ரத்தம் ஓடாது, விரல் அசைகிற இடம் வேண்டும். நனைந்த சாக்ஸை உடனே மாற்றுங்கள், பருத்தி வேண்டவே வேண்டாம், கம்பளிதான். அங்கே ஒருவன் முகத்தை இன்னொருவன் பார்த்துக்கொண்டே இருப்போம், மூக்கும் காதும் வெளுப்பது தனக்கே தெரியாது. ரம் குடித்தால் சூடேறும் என்பது ஏமாற்று, ரத்தக்குழாய் விரிந்து உடம்புச் சூடு வெளியே போகும். வெடவெடவென நடுங்கினவன் திடீரென்று நடுக்கம் நின்று நாக்குக் குழறினால் தேறிவிட்டான் என்று நினைக்காதே, உடம்பு கைவிடுகிறது, 911-ஐக் கூப்பிடு.

எட்மன்டன் புதுசு:
கிளினிக் போய்விட்டு வந்தேன் சிஸ்டர். கட்டுப் போட்டு டெட்டனஸ் ஊசியும் போட்டார்கள், ஆறும்வரை குளிரில் வேலைக்குப் போகாதே என்றார்கள். இந்த மாத வாடகைக்குத்தான் வழி தெரியவில்லை. ஐயா, மிட்டன் வாங்கிவிட்டேன். எண்ணெய் விஷயத்தை மட்டும் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.