கேட்டுல இருந்து வீட்டு வாசல் வரைக்கும் நடைபாதை லைட்: சோலாரா, ஒயர் இழுக்கவா? உதவி வேணும்

சாரல்வீடு
வணக்கம் மக்களே. வீடு தென்காசிக்கு வெளிய, குத்தாலம் போற பக்கம். கேட்டுல இருந்து தார்சா (முன் வராந்தா) படி வரைக்கும் சுமார் 60 அடி நடைபாதை, சிமெண்ட் ஸ்லாப், நடுவுல லேசா ஒரு வளைவு இருக்கு. இடது பக்கம் ரெண்டு பெரிய மாமரம், வலது பக்கம் செம்பருத்தி, அரளி, கொஞ்சம் கனகாம்பரம். ஆறரை ஏழு மணிக்கு மேல ஒண்ணும் தெரியாது. அம்மாவுக்கு ஒரு கண்ணுல புரை ஆபரேஷன் முடிஞ்சிருச்சு, இன்னொரு கண்ணு பாக்கி. அப்பா ராத்திரி பத்து மணிக்கு மேல கேட்டு பூட்டப் போவாரு, டார்ச் எடுத்துட்டுப் போங்கன்னா கேக்கவே மாட்டாரு. போன மழைக்காலத்துல ஒரு கட்டுவிரியன் ஸ்லாப் மேலயே கெடந்துச்சு, அதுல இருந்து எனக்கு இதே யோசனைதான்.

இப்ப இருக்கறது ஆன்லைன்ல வாங்குன சோலார் குச்சி லைட்டு, மண்ணுல குத்தி வைக்கற டைப். ஏப்ரல் மே மாசத்துல நல்லாத்தான் எரிஞ்சுது, ஜூன்ல சாரல் ஆரம்பிச்சதும் எட்டு மணிக்குள்ள மங்கி அணைஞ்சு போகுது, மாமரத்தடியில இருக்கறது கோடையிலயே உருப்படியா எரியல. அது பத்தாதுன்னு கேட்டு தூண்ல 30 வாட் வெள்ளை ஃப்ளட் லைட் ஒண்ணு போட்டோம், அது ரெண்டு விதத்துல தொல்லை பண்ணுது. கனமழை பெஞ்சா ஆர்சிசிபி (கரண்ட் லீக்கானா லைன கட் பண்ற சுவிட்ச்) ட்ரிப் ஆகி மொத்த வீடும் இருட்டாயிருது. மழை இல்லாத நாள்ல டே நைட் சென்சார் எரியும் அணையும் எரியும் அணையும், டிஸ்கோ லைட்டு கணக்கா. பேசாம இதெல்லாம் கழட்டிப் போட்டுட்டு புதுசா என்ன போடலாம்? பட்ஜெட் ரொம்ப இறுக்கம் இல்ல, ஆனா வருஷா வருஷம் மாத்திட்டு இருக்க முடியாது.

கோவைத்தோட்டம்
குச்சி லைட்ட குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்லைங்க. அதை கழட்டிப் பாருங்க, உள்ள பெரும்பாலும் ஒரே ஒரு பென்சில் பேட்டரி சைஸ் 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல்லு, 600 எம்ஏஎச் இருக்கும். கணக்கு போட்டா ஒரு வாட் அவர்கூட வராது. மேல இருக்கற பேனல் உள்ளங்கை சைஸ்கூட கிடையாது. நல்ல வெயில்ல நாள் பூரா நின்னாத்தான் அந்தச் செல்லே ரொம்பும், நீங்க மரத்தடியில வச்சிருக்கீங்க, அதுவும் சாரல் ஊர்ல. ஜூன் ஜூலை ஆகஸ்ட் சாரல், அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழை, வருஷத்துல பாதி மேகம்தான்.

சோலார்தான் வேணும்னா பேனலையும் லைட்டையும் பிரிச்சிருங்க. பேனல் மொட்டை மாடில தெக்கு பாத்து, பேட்டரி வீட்டுக்குள்ள, லைட்டுக்கு 12 வோல்ட் ஒயர் மட்டும் தோட்டத்துக்கு. எங்க தோட்டத்துல அப்படித்தான் ஓடிட்டு இருக்கு. பேட்டரி லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் வாங்குங்க, கொஞ்சம் காசு கூட, ஆனா ரொம்ப வருஷம் வரும்.

மீட்டர்பாக்ஸ்
சிம்பிள் மேட்டர் ப்ரோ. லைட் லைனை ஆர்சிசிபிக்கு முன்னாடியே எடுத்து நேரா கொடுத்துருங்க, ட்ரிப்பே ஆகாது. எங்க வீட்டுல அப்படித்தான் இருக்கு, ஒண்ணும் ஆகல.

ஒயர்மேன் அண்ணாச்சி
மேல இருக்க தம்பி சொன்னத யாரும் செஞ்சிராதீங்க. ஈரத் தரையில செருப்பில்லாம நடக்கற இடம், பக்கத்துல இரும்பு கேட்டு, அந்த லைனுக்குப் போயி ஆர்சிசிபி இல்லாம கொடுக்கச் சொல்றாரு. 30 மில்லி ஆம்ப் லீக்கான உடனே அது கட் பண்ணுதுன்னா அது ஒழுங்கா வேல செய்யுதுன்னுதான் அர்த்தம். கரண்ட் எங்கயோ மண்ணுக்குப் போயிட்டு இருக்கு, அதக் கண்டுபிடிக்கணும், வாய மூட வைக்கக் கூடாது.

சாரல்வீடு தம்பி, லைட்டு தூண்ல மாட்டுன இடத்துல ஜாயிண்ட் எங்க இருக்கு? ஃபிட்டிங்ல இருந்து ஒரு அடி ஒயர்தான் கம்பெனில விட்டிருப்பான், அத லைனோட சேத்த எடத்தப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. மெயின ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க.

சாரல்வீடு
அண்ணாச்சி, இன்னைக்குக் காலைல பாத்தேன். தூணுக்குப் பின்னால, டேப் சுத்தி, அதுக்கு மேல பால் கவரை வச்சு நூல் கட்டி வச்சிருக்காங்க. கவர அவுத்தா உள்ள தண்ணி சொட்டுது. டேப்பு பிசுபிசுன்னு கழண்டு வந்துருச்சு, உள்ள செம்பு முழுக்க பச்சைக் களிம்பு. எர்த் ஒயர் யாரும் சேக்கவே இல்ல, மடக்கி விட்டுருக்காங்க. ஃபிட்டிங் மேல ஐபி65ன்னு போட்டிருக்கு, அதனால மழை தாங்கும்னு நெனச்சோம்.

ஒயர்மேன் அண்ணாச்சி
அதான். ஐபி65ங்கறது அந்தப் பெட்டிக்கு மட்டும்தான் தம்பி. மொத நம்பர் 6னா தூசி போகாது, ரெண்டாவது நம்பர் 5னா தண்ணி பீச்சி அடிச்சாலும் தாங்கும். நீங்க வெளிய போடற ஜாயிண்ட்டுக்கு அவன் என்ன பண்ணுவான். நான் பாத்த வரைக்கும் வெளி லைட்டு மழைல ட்ரிப் அடிக்குதுன்னு கூப்பிட்டா பத்துக்கு ஒம்போது ஜாயிண்ட்டுதான், மிச்சம் ஒண்ணு ஃபிட்டிங்குக்குள்ள எறும்பு கூடு கட்டுனது. பால் கவர் கட்டுனா உள்ள போன தண்ணி வெளிய வரவும் முடியாது, அது இன்னும் மோசம். களிம்பு புடிச்ச ஒயர நல்ல செம்பு தெரியற வரைக்கும் வெட்டி விட்டுட்டு, கிளாண்டு (ஒயரு நுழையற வாய இறுக்கி அடைக்கற மூடி) வச்ச ஜங்ஷன் பாக்ஸ்ல, ஜெல் அடைச்ச கனெக்டர் போட்டுச் சேருங்க. எர்த்தக் கண்டிப்பா குடுங்க.

இன்னொண்ணு, வெளி லைன் மட்டும் தனியா ஒரு ஆர்சிபிஓல (லீக்கானாலும் லோடு கூடுனாலும் அந்த லைன மட்டும் கட் பண்ற சுவிட்ச்) போட்டுருங்க. அப்புறம் லீக்கானாலும் தோட்டம் மட்டும்தான் அணையும், அம்மா அடுப்படில இருட்டுல நிக்க வேண்டாம்.

சென்சார் டிஸ்கோ ஆடுறது சின்ன விஷயம். லைட்டு வெளிச்சம் சென்சார் மேலயே விழுது, அது விடிஞ்சிருச்சுன்னு நெனச்சு அணைக்கும், அணைஞ்சதும் இருட்டிருச்சுன்னு போடும். சென்சார லைட்டுக்கு மேல ஏத்தி, முகத்த வானத்தப் பாத்து திருப்பி வைங்க. செவுத்துல வெள்ளையடிச்சிருந்தா அதுல பட்டுத் திரும்பி வந்தாலும் இப்படி ஆகும்.

நைட்ஷிஃப்ட்
ரிப்பேர் கதை ஓகே, ஆனா அவங்க கேட்டது என்ன லைட் வாங்கறதுன்னு. என் கருத்து, அந்த 30 வாட்ட ரிப்பேர் பண்ணி திரும்ப அதே எடத்துல மாட்டவே கூடாது. புரை இருக்கற கண்ணுக்கு எதிர்ல இருந்து வர்ற வெள்ளை லைட்டு பெரிய கொடுமை, லென்ஸ் மங்கலா இருக்கறதால வெளிச்சம் உள்ள சிதறி எல்லாமே பனிமூட்டம் ஆயிரும். எங்க பாட்டிக்கு அப்படித்தான், தெரு லைட்டப் பாத்தா கைய கண்ணுக்கு மேல வச்சுக்குவாங்க. கேட்டுல இருந்து வீட்டுப் பக்கம் வர்றப்ப வேணா லைட்டு முதுகுக்குப் பின்னால இருக்கும், நிழல் முன்னாடி விழும், படி எங்கன்னு தெரியாது. வீட்டுல இருந்து கேட்டுக்குப் போனா நேரா மூஞ்சில அடிக்கும். ரெண்டு பக்கமும் நஷ்டம்.

உங்களுக்குத் தரை தெரிஞ்சா போதும், ஆளோட மூஞ்சி தெரிய வேண்டாம். ரெண்டடி, ரெண்டரை அடி உயரத்துல தொப்பி வச்ச பொல்லார்ட் (தரையில நடற குட்டைத் தூண் லைட்டு), வெளிச்சம் கீழ மட்டும் விழணும், பல்பு கண்ணுக்குத் தெரியவே கூடாது. ஒவ்வொண்ணும் 2 இல்ல 3 வாட், 150, 200 லூமன் தாராளம். எட்டுப் பத்து அடிக்கு ஒண்ணு. ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியா நட்டா ஏர்போர்ட் ரன்வே மாதிரி ஆயிரும், ஒரு பக்கம் மட்டும் போடுங்க. வளைவுலயும் படிக்குப் பக்கத்துலயும் கொஞ்சம் நெருக்கி வைங்க, அங்கதான் கால் தடுக்கும்.

கோவைத்தோட்டம்
கலரும் பாத்து வாங்குங்க. 6500கே (கெல்வின், லைட்டோட கலருக்கான அளவு) பால் வெள்ளை வேண்டவே வேண்டாம், 3000கே இல்ல 2700கே. நீலம் கலந்த வெள்ளைக்குத்தான் பூச்சி அதிகமா வரும். முத மழை பெஞ்ச அன்னைக்கு ஈசல் வர்றத நீங்களே பாத்திருப்பீங்க. ஈசல் வந்தா தவளையும் பல்லியும் வரும், அதுங்க பின்னாடி என்ன வரும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் லைட்டுக்குப் பூச்சி வராதுன்னு இல்லைங்க, கொறையும்.

சாரல்வீடு
ஐயோ, நான் லைட்டு போட்டா பாம்பு வராதுன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

கோவைத்தோட்டம்
லைட்டப் பாத்து அது ஓடாதுங்க. கட்டுவிரியன் ராத்திரிலதான் நடமாடும், வெளிச்சம் இருந்தா நாம அதப் பாத்து ஒதுங்கலாம், அவ்வளவுதான். பாதை ஓரம் ரெண்டடிக்குப் புல்லு, சருகு இல்லாம வச்சுக்கங்க, மாமரத்துச் சருகக் கூட்டி அங்கயே குமிச்சு வைக்காதீங்க. அப்பாவ எப்படியாச்சும் டார்ச் எடுக்க வைங்க, லைட்டு போட்டப்புறமும்தான்.

சாரல்வீடு
சரி, அப்ப பொல்லார்ட்தான். இப்ப 230லயே போடறதா 12 வோல்ட்டா? கடைக்காரர் 230தான் நல்லா வெளிச்சம் வரும், 12 போட்டா கடைசி லைட்டு மங்கும்னு சொல்றாரு. செடிக்கு அப்பா மம்பட்டி வச்சு கொத்திட்டே இருப்பாரு, அதுவும் பயமா இருக்கு. கரண்ட் வேற அடிக்கடி போகும்.

ஒயர்மேன் அண்ணாச்சி
மம்பட்டி இருக்கற வீட்டுக்கு 12 வோல்ட்டுதான். 230 இழுக்கணும்னா ஆர்மர்ட் கேபிள் (இரும்புக் கவசம் சுத்துனது), ரெண்டடிக்குக் கொறையாம பள்ளம், கேபிளுக்கு மேல மணலு, மணலுக்கு மேல செங்கல் வரிசை, ஒவ்வொரு லைட்டுக்கும் எர்த். இத ஒழுங்கா செஞ்சா தப்பில்ல, ஆனா ஏழு சின்ன லைட்டுக்கு இது எதுக்கு.

கடைக்காரரு சொன்னது பாதி நெசம். ஒல்லி ஒயரு போட்டா கடைசி லைட்டு மங்கத்தான் செய்யும். கணக்கப் பாருங்க: 7 லைட்டு, 3 வாட்டு, மொத்தம் 21 வாட்டு. 12 வோல்ட்டுல அது ஒண்ணே முக்கால் ஆம்ப். 60 அடி, ஏத்தம் எறக்கம் எல்லாம் சேத்து 22 மீட்டர்னு வைங்க, போக வர 44 மீட்டர். ஒன்றரை ஸ்கொயர் (ஸ்கொயர் எம்எம், ஒயரோட தடிமன் கணக்கு) செம்பு ஒயரு கிலோமீட்டருக்கு 12 ஓம் சொச்சம், அப்ப 44 மீட்டருக்கு அரை ஓம். மொத்த லோடும் கடைசில இருந்தாலே ஒரு வோல்ட்டுக்குள்ள, லைட்டு பிரிஞ்சு இருக்கறதால அதுலயும் பாதிதான் குறையும். கண்ணுக்குத் தெரியாது. ஸ்பீக்கர் ஒயரு மாதிரி அரை ஸ்கொயர் போட்டீங்கன்னா இதப் போல மூணு மடங்கு, அப்ப கடைக்காரர் சொன்னது நடக்கும். 24 வோல்ட்டு ஃபிட்டிங் கெடைச்சா ரொம்ப விசேஷம், ஆம்ப் பாதியாயிரும்.

டிரைவர் (230ஐ 12 வோல்ட்டா மாத்தற பெட்டி) 60 வாட்டு வாங்குங்க, முட்ட முட்ட லோடு ஏத்தக் கூடாது. அத தார்சாவுக்கு உள்ளயே மாட்டி இன்வெர்ட்டர் லைன்ல குடுங்க, 21 வாட்டு இன்வெர்ட்டருக்குத் தூசி. 230 வீட்ட விட்டு வெளிய வரவே வேண்டாம். ஒயர செம்பருத்திப் பக்கமா கொண்டு போங்க, மாமரத்துப் பக்கம் வேரு வெட்ட வேண்டி வரும். ஒயரு பூரா பிவிசி பைப்புக்குள்ள போகட்டும், எலிக்கு பிவிசி ஒயரு மேல ஒரு தனிப் பிரியம்.

நைட்ஷிஃப்ட்
மோஷன் சென்சார் யோசிச்சீங்களா? ஆள் வந்தா மட்டும் எரியற மாதிரி.

சாரல்வீடு
யோசிச்சேன், ஆனா ரெண்டு நாய் இருக்கு, ராத்திரி பூரா சுத்தும். அம்மாவுக்கும் திடீர்னு எரிஞ்சா திடுக்குனு ஆயிரும். பாதை லைட்டு ஆறரைல இருந்து பதினொண்ணு வரைக்கும் டைமர்ல எரியட்டும், கேட்டு தூண்ல மட்டும் சென்சார் வச்ச சின்ன மஞ்சள் லைட்டு ஒண்ணு போட்டுக்கறேன். ஆளு வந்தாலும் நாய் வந்தாலும் எரியட்டும்.

எலக்ட்ரீசியன் ஞாயித்துக்கிழமை வர்றாரு. கடைசியா ஒண்ணு அண்ணாச்சி, பொல்லார்ட் அடியில காங்கிரீட்டோட சேர்ற எடத்துல சுத்தி சிலிக்கான் பூசச் சொல்றாங்க, பூசலாமா?

ஒயர்மேன் அண்ணாச்சி
மேல தொப்பி சேர்ற எடத்துல வேணும்னா பூசுங்க. அடில பூசாதீங்க, பூசியே ஆகணும்னா கீழ்ப்பக்கமா விரக்கடை அளவு இடைவெளி விடுங்க. ராத்திரி குளிர்ல உள்ள வேர்க்கும், அந்தத் தண்ணி வடியணும். ஒயரு உள்ள ஏறுற வாயில மட்டும் கிளாண்ட இறுக்கி விடச் சொல்லுங்க, இல்லைன்னா ஒரு மாசத்துல எறும்பு குடியேறிரும். அவர் பள்ளத்த மூடறதுக்கு முன்னாடி ஏழு லைட்டையும் ஒண்ணா எரிய விட்டு, கடைசி லைட்டுல மீட்டர் வச்சு வோல்ட்டேஜ் பாக்கச் சொல்லுங்க, பதினொண்ணு புள்ளி மூணுக்கு மேல காட்டுனா மூடலாம்.